கடலைத் தள்ளி நிறுத்தும் நன்னீர்

வட சென்னையின் கடற்கரையில், எண்ணூரிலும் அதற்கு வடக்கே காட்டுப்பள்ளியிலும் உள்ள மீனவர் குப்பங்களில், அலை ஏறி வரும் எல்லையிலிருந்து சற்றுத் தள்ளி மணலைத் தோண்டி உறை இறக்கினால், சில அடி ஆழத்திலேயே சமைக்கவும் குடிக்கவும் ஏற்ற நல்ல தண்ணீர் ஊறுவதைப் பல தலைமுறையினர் கண்டிருக்கிறார்கள். அங்கிருந்து மேற்கே, அலையின் ஓசைகூடக் கேட்காத தொலைவிலுள்ள மீஞ்சூர் வட்டாரத்து வயல்களிலோ, நூறு அடிக்கும் கீழே இறக்கிய போர்வெல்கள் நெல்லைக் கருக்கும் உப்புத் தண்ணீரை இறைக்கின்றன. கடலுக்கு அருகில் நல்ல தண்ணீரும் கடலை விட்டு விலகிய இடத்தில் உப்புத் தண்ணீரும் கிடைக்கும் இந்த முரணுக்கு விடை தேடினால், வறட்சிக் காலத்தில் இந்தக் கடலோரத்தில் உண்மையில் எது குறைகிறது, எதைக் காப்பாற்ற வேண்டும் என்பதும் சேர்ந்தே விளங்கும்.

சென்னையை வறண்ட ஊர் என்று சொல்லிவிட முடியாது. ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவில் மழை பெறும் ஊர் அது. ஆனால் அம்மழையில் பாதிக்கும் மேலான பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில், அதிலும் சில பெருமழை நாள்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடுவதால், ஒரு பருவம் பொய்த்தால் அடுத்த பருவம் வரும்வரை சேமிப்பை மட்டுமே நம்பி இருக்க வேண்டியிருக்கிறது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகளின் நீர்மட்டத்தை நாளிதழ்கள் நாள்தோறும் வெளியிடுவது இதனால்தான். 2019 ஜூன் மாதத்தில் இந்நான்கும் ஏறக்குறைய முழுவதுமாக வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவர நேர்ந்தபோது, ஒரு தடவைக்கு 25 லட்சம் லிட்டர் என்ற அந்த அளவு நகரத்தின் தேவைக்கு முன் எவ்வளவு சிறியது என்பதை ஊரே பார்த்தது. ஆனால் ஏரிகளைப் போலவே இந்நகரத்தைத் தாங்கி வந்த இன்னொரு சேமிப்பு மண்ணுக்கடியில் இருக்கிறது. அதன் மட்டம் நாளிதழில் வருவதில்லை.

மணல் துகள்களுக்கும் கூழாங்கற்களுக்கும் இடையிலுள்ள நுண்ணிய வெளிகளில் நீரைத் தேக்கி, கிணறு வெட்டினால் விட்டுக்கொடுக்கும் நிலத்தடி அடுக்கை நீர்த்தாங்கி என்பர். மழைநீர் ஊறி இறங்கி அந்த வெளிகளை நிரப்பும்போது, நிரம்பிய பகுதியின் மேற்பரப்பே நிலத்தடி நீர்மட்டம் எனப்படுகிறது. கடலோரத்தில் இந்த நீர்த்தாங்கி கரையோடு முடிந்துவிடுவதில்லை. அதே மணல் அடுக்கு கடலின் அடியிலும் தொடர்கிறது. அங்கே அதன் துளைகளில் கடல்நீர் நிறைந்திருக்கிறது. ஆகவே நிலத்தடியில் நன்னீரும் கடல்நீரும் ஒரே மணலுக்குள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. இரண்டையும் பிரிக்கும் சுவர் என்று எதுவும் கிடையாது.

சுவர் இல்லாத இடத்தில் அவற்றைப் பிரித்து வைப்பது எடை வேறுபாடு ஒன்றே. ஒரு லிட்டர் நன்னீர் ஒரு கிலோ எடை இருக்குமானால், லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பைக் கரைத்து வைத்திருக்கும் கடல்நீர் அதைவிடச் சுமார் 25 கிராம் கூடுதல் எடை கொண்டது. இத்தகைய எடை வேறுபாட்டின் விளைவைக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில், விசைப்படகுகளில் ஏற்றும் ஐஸ் பாளம் ஒன்று தவறிக் கடலில் விழுந்தால் பார்க்கலாம்: பாளத்தில் பத்தில் ஒரு பங்கு அளவே நீருக்கு மேலே தெரியும், மற்றதெல்லாம் மூழ்கியிருக்கும், மேலே தெரியும் பகுதியைச் செதுக்கி எடுத்தால் பாளம் முழுவதும் உயர்ந்து அதே விகிதத்தை மீண்டும் எட்டும், அதாவது மேலே செதுக்கியதன் விலையை அடிப்பகுதி கொடுக்கும். கடலோர மணலுக்குள் இருக்கும் நன்னீரும் இவ்வாறே கடல்நீரின்மேல் மிதக்கிறது. பனிக்கட்டியைவிட நன்னீரின் எடை கடல்நீரின் எடைக்கு மிக நெருங்கியிருப்பதால், இங்கே விகிதம் ஒன்றுக்கு ஒன்பது அன்று, ஒன்றுக்கு நாற்பது. நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்க முடியும்.

இந்த விகிதத்தை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நெதர்லாந்தின் இராணுவப் பொறியாளர் படோன் கைபென் கண்டுரைத்தார். அவரது பணியை அறியாமலே ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்ஸ்பெர்க், வடகடல் தீவொன்றின் கிணறுகளை ஆராய்ந்து 1901-இல் அதே முடிவை வெளியிட்டார். அதுவரை, கடல்மட்டத்தை எட்டும் ஆழத்திலேயே உப்புநீர் தொடங்கிவிடும் என்றே பலர் கருதியிருந்தனர். தீவில் துளையிட்டபோது அதைவிட வெகு ஆழத்தில்தான் உப்பு தென்பட்டது. இரு பொறியாளர்களின் பெயரையும் சேர்த்து கைபென்–ஹெர்ஸ்பெர்க் விதி என்று வழங்கும் இது, நீர் அசையாமல் நிற்கிறது என்று வைத்துக்கொண்டு செய்த கணக்கு. உண்மையில் நன்னீர் மெல்லக் கடலை நோக்கி ஊர்ந்துகொண்டே இருக்கிறது. இரு நீர்களும் சந்திக்கும் இடம் கோடாக இல்லாமல், அலையேற்ற இறக்கத்தாலும் பருவ மாற்றத்தாலும் கலங்கிய ஒரு பட்டையாக இருக்கிறது. நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கிய மறுநாளே உப்பு 40 மீட்டர் ஏறிவிடுவதும் இல்லை, அதற்கு ஆண்டுகள் பிடிக்கும். எனினும் போகும் திசையையும் அதன் அளவையும் இந்த விதி சரியாகவே சொல்கிறது.

மேலே இழக்கும் ஒரு மீட்டருக்குக் கீழே நாற்பது மீட்டர் என்ற இந்தக் கணக்குதான் முதலில் கண்ட முரணுக்கு விடை. மணல்மேட்டின்மேல் பெய்யும் மழையில் பெரும்பகுதி ஓடாமல் அங்கேயே இறங்கிவிடுவதால், கரையோரக் குப்பத்தின் அடியில் மெல்லிய நன்னீர் வில்லை ஒன்று மிதக்கிறது. ஆழமில்லாத உறைக்கிணற்றில் குடத்தை விட்டு மொள்ளும்போது அந்த வில்லையின் மேற்பரப்பு விரற்கடை அளவே இறங்கி, இரவில் மீண்டும் ஊறிவிடுகிறது. இப்படி மெல்ல எடுத்தால் நன்னீர் நிலைக்கும் என்பது ஓரளவு அனுபவத்தால் அறியப்பட்டே இருந்தது என்று கருத இடமுண்டு. ஜார்ஜ் டவுனின் வட பகுதியில் 1772-இல் கேப்டன் பேக்கரின் திட்டப்படி தோண்டப்பட்டு, புனித ஜார்ஜ் கோட்டைக்குத் தண்ணீர் தந்த ஏழு கிணறுகள், இன்றும் அப்பகுதிக்கு ஏழு கிணறு என்ற பெயரை விட்டுச் சென்றிருக்கின்றன. ஒரே ஆழமான கிணற்றில் இறைப்பதைவிட, ஆழமில்லாத பல கிணறுகளில் பகிர்ந்து இறைப்பதே மிதக்கும் நன்னீரை அலுங்காமல் எடுக்கும் வழி. மனிதக் கையும் மாடும் இறைத்தவரை நீர்மட்டத்தைக் கடல்மட்டத்துக்குக் கீழே கொண்டுபோகும் வலு எவருக்கும் இல்லை. மின்மோட்டார் அந்த வலுவைக் கொடுத்தது. ஆழ்துளைக் கிணற்றில் விடாமல் இறைக்கும்போது, கிணற்றைச் சுற்றி நீர்மட்டம் புனல் போலக் குழிய, அதற்கு நேர் கீழே கடல்நீர் தலைகீழான கூம்பாக மேலெழும்பி ஒருநாள் குழாயின் வாயைத் தொடுகிறது. குப்பத்து மணலிலேயே வீட்டுக்கு வீடு போர் போட்ட இடங்களில் நேர்ந்ததும் இதுதான்.

மீஞ்சூரில் நடந்தது இதைவிடப் பெரியது. ஆரணியாறும் கொசஸ்தலையாறும் பாயும் வடிநிலத்தின் அடியில், பழைய ஆறுகள் நிரப்பிவிட்டுப் போன மணலும் சரளையும் பல பத்து மீட்டர் கனத்துக்குப் படிந்து, தமிழகக் கடலோரத்தின் வளமான நீர்த்தாங்கிகளுள் ஒன்றாக அமைந்திருக்கின்றன. ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் 1966 முதல் 1969 வரை நடந்த ஆய்வு மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய மூன்று கிணற்றுத் தொகுதிகளை அடையாளம் காட்டிற்று. ஏறத்தாழ அதே காலத்தில்தான் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும், எண்ணூரில் அனல் மின்நிலையமும் எழுந்தன. ஆலைகளின் கொதிகலன்களுக்கும் குளிர்விப்புக்கும் தேவைப்பட்ட தண்ணீரில் பெரும்பங்கை இந்தக் கிணற்றுத் தொகுதிகளே கொடுத்தன. வயல்களில் முப்போகத்துக்காக ஓடிய மோட்டார்கள் ஒருபுறம் இறைத்தன. மறுபுறம், 1944-இல் பூண்டியில் கொசஸ்தலையாறு தேக்கப்பட்டு, அதன் நீர் சோழவரம், புழல் வழியே நகரத்துக்குத் திருப்பப்பட்டதால், கீழ்ப்பகுதி ஆற்று மணலை நனைத்து நீர்த்தாங்கியை நிரப்பும் வெள்ளம் பெருமழை ஆண்டுகளில் மட்டுமே வரலாயிற்று. ஒரே ஆற்றின் நீரை நகரம் ஏரியிலிருந்து ஒரு முறையும் நிலத்தடியிலிருந்து மறு முறையும் எடுத்துக்கொண்டது என்று சொன்னால் அது மிகையாகாது. அதன் விலையை மீஞ்சூர் வட்டாரத்து உழவர்கள் கொடுத்தார்கள்.

நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்குப் பல மீட்டர் கீழே போனபோது, ஓட்டத்தின் திசையே மாறிற்று. கடலை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்த நீர் நின்று, கடல் நிலத்தை நோக்கி ஊர்ந்தது. 1969 வாக்கில் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் உள்ளே இருந்த உவர்நீர் முகம், 1980-களின் பிற்பகுதியில் ஏறத்தாழ 9 கிலோமீட்டரை எட்டியிருந்தது. எண்ணூர்க் கழிமுகம் வழியே அலையேற்றத்தில் உள்ளே வரும் உப்புநீரும், அத்திப்பட்டு முதலிய இடங்களில் பாத்தி கட்டிக் காயவைக்கும் உப்பளங்களும் இதற்குத் துணை சேர்த்தன.

கிணற்று நீர் உப்பாவதற்குக் கடல் மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. ஆலைக் கழிவும் சாக்கடையும் உப்பளமும் உப்பைச் சேர்க்கும் என்னும்போது, மீஞ்சூரில் கடலே உள்ளே வந்தது என்பதை எவ்வாறு உறுதி செய்வது? நாக்கு இதற்குப் போதாது. நீரின் வேதியியல் கைரேகையைப் பார்க்க வேண்டும். மழைநீர் மண்ணில் இறங்கி உருவாகும் நன்னீரில் பைகார்பனேட் மேலோங்கியிருக்கும். கடல்நீரிலோ குளோரைடு, லிட்டருக்குச் சுமார் 19 கிராம் என்ற அளவில், எல்லாவற்றையும் விஞ்சி நிற்கும். அதனால் இவ்விரண்டின் விகிதத்தை அளந்தால் கடலின் தலையீடு வெளிப்படும் என்று அமெரிக்கக் கடலியலாளர் ரோஜர் ரெவெல் 1941-இல் எடுத்துக்காட்டினார். கடல்நீரில் புரோமைடுக்கும் குளோரைடுக்கும் உள்ள விகிதம் உலகெங்கும் ஏறக்குறைய மாறாதது. சமையல் உப்பு கலந்த சாக்கடைநீரில் புரோமைடு குறைவாக இருப்பதால், அந்த விகிதம் குற்றவாளியைப் பிரித்துக் காட்டுகிறது. உப்பளத்தையும் பெயர் சொல்லி அடையாளம் காட்ட வழியுண்டு: நீர் ஆவியாகும்போது இலேசான ஆக்சிஜனைக் கொண்ட மூலக்கூறுகள் முந்திக்கொண்டு வெளியேற, கனமான ஆக்சிஜன்-18 மிச்சத்தில் செறிகிறது, ஆகவே வெயிலில் காய்ந்து உப்பான நீருக்கும், காயாமல் நேராக மண்ணுக்குள் புகுந்த கடல்நீருக்கும் இந்தக் கனமான ஆக்சிஜனின் அளவு வேறுபடும். மண்ணைத் தோண்டாமலே பார்க்கும் முறையும் இருக்கிறது. தரையில் இரும்புக் கம்பிகளை வரிசையாக நட்டு மின்சாரம் செலுத்தினால், உப்பு நிறைந்த அடுக்கு அதை எளிதில் கடத்தும், நன்னீர் அடுக்கு தடுக்கும். கம்பிகளின் இடைவெளியைக் கூட்டக் கூட்ட மேலும் ஆழத்திலுள்ள அடுக்கின் நிலை தெரியவரும்.

இவற்றைத் தவிர, இல்லத்தரசிகளே முதலில் கண்டுபிடிக்கும் அடையாளம் ஒன்று உண்டு. நீர் வாயில் கரிக்கத் தொடங்குவதற்கு முன்பே பருப்பு வேக மறுக்கிறது, சோப்பு நுரைக்க மறுக்கிறது, பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு ஏறுகிறது. நிலத்தடியிலுள்ள களிமண் துகள்கள் காலங்காலமாகத் தம் மேற்பரப்பில் கால்சியத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. கடல்நீரின் சோடியம் வந்து மோதும்போது களிமண் சோடியத்தை வாங்கிக்கொண்டு கால்சியத்தை நீரில் விட்டுவிடுகிறது. இதையே அயனிப் பரிமாற்றம் என்பர். எனவே முன்னேறி வரும் உவர்நீரின் முகப்பில் கடினத்தன்மை மிகுந்த நீர் வருகிறது. இந்தப் பரிமாற்றமே மீட்சியைக் கடினமாக்கவும் செய்கிறது. இறைப்பை நிறுத்தி மழையை இறங்க விட்டாலும், களிமண் வாங்கி வைத்த சோடியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகவே திருப்பித் தரும். அதோடு, களிமண் அடுக்குகளின் இடுக்குகளில் புகுந்த உப்பும் மிக மெல்லவே வெளிவரும். உப்பு உள்ளே வந்த காலத்தைவிட வெளியேறும் காலம் பன்மடங்கு நீளும்.

எவ்வளவு உப்பு வந்தால் ஒரு கிணறு கெடும் என்பதையும் பார்க்க வேண்டும். குடிநீரில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு வழியே இல்லாத இடத்தில் 1,000 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. 15 லிட்டர் கொள்ளும் பிளாஸ்டிக் குடத்தில் 300 மில்லிலிட்டர் கடல்நீர், அதாவது நூற்றில் இரண்டு பங்கு, கலந்தாலே முதல் வரம்பு தாண்டிவிடும். நூற்றில் ஐந்து பங்கு கலந்தால் அக்குடம் இரண்டாவது வரம்பையும் தொட்டு நிற்கும். ஆகவே ஒரு நீர்த்தாங்கி வற்றிப்போக வேண்டியதில்லை. அது நிறைந்திருக்கும்போதே பயனற்றுப் போகலாம். உள்நாட்டு வறட்சிக்கும் கடலோர வறட்சிக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவே. இராமநாதபுரம் மாவட்டத்துக் கண்மாய் காய்ந்தால் அடுத்த மழையில் நிரம்பிவிடும். மீஞ்சூரின் மணலில் காலியான இடத்தை மழைக்கு முன்பே கடல் வந்து நிரப்பிவிடுகிறது. வறட்சி ஆண்டில் இங்கே கூடுதலாக இறைக்கும் ஒவ்வொரு லாரித் தண்ணீரும் இருப்பிலிருந்து எடுத்தது அன்று, கடலிடம் வட்டிக்கு வாங்கியது.

இந்த இடத்தில் தமிழ்நாட்டின் பொதுப்பேச்சில் ஓயாமல் கேட்கும் ஒரு குறையை நின்று ஆராய வேண்டியிருக்கிறது. மழைநீர் வீணாகக் கடலில் கலக்கிறது என்ற அந்தக் குறை, தெருக்களில் ஓடி வடிகால் வழியே வெளியேறும் வெள்ளத்தைப் பொறுத்தவரை நியாயமானதே. ஆனால் மண்ணுக்கடியில் கசிந்து கடலில் கலக்கும் நீரை அக்கணக்கில் சேர்ப்பது பெரும் பிழை. அந்தக் கசிவின் உந்துதல் இருக்கும்வரைதான் கடல் தன் எல்லையில் நிற்கும்; அதைக் கடைசிச் சொட்டு வரை பிடித்து இறைத்துவிட்டால் காவல் நீங்கிவிடும். இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையிலான கரை இந்தக் காவலை ஏற்கெனவே மெல்லியதாகவே பெற்றிருக்கிறது: கிழக்கே கடல், மேற்கே கழிவுநீரும் கழிமுக உப்பும் கலந்த பக்கிங்காம் கால்வாய் என இரண்டுக்கும் நடுவிலுள்ள மணல் நாடா அது. போதாக்குறைக்கு, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்த பிறகு, தெற்கிலிருந்து வரும் மணல் மெரினாவில் தங்கிவிட, வடக்கே கடல் கரையை அரித்துத் தெருக்களையும் வீடுகளையும் விழுங்கியிருக்கிறது. நிலம் குறுகினால் அதன் அடியில் மிதக்கும் நன்னீர் வில்லையும் மெலியும். துறைமுகத்தையும் ஆலைகளையும் நகரம் முழுவதற்குமாகத் தாங்கி நிற்கும் மக்களுக்குத்தான் இந்த இழப்பும் வந்து சேர்ந்திருக்கிறது.

செய்யப்பட்டவை இல்லாமல் இல்லை. 1987-இல் சென்னை பெருநகரப் பகுதிக்கென நிலத்தடி நீர் முறைப்படுத்தும் சட்டம் இயற்றப்பட்டது; 2003-இல் மாநிலம் முழுவதும் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. ஆரணியாற்றிலும் கொசஸ்தலையாற்றிலும் தடுப்பணைகள் கட்டி, வெள்ளத்தை மணலுக்குள் இறங்கவிடும் முயற்சியும் நடந்திருக்கிறது. 2010-இல் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுடன் தொடங்கிய மீஞ்சூர் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம், கடல்நீரை உயர் அழுத்தத்தில் மென்படலங்களின் வழியே தள்ளி உப்பை வடிக்கும் எதிர்ச் சவ்வூடுபரவல் முறையில் வட சென்னைக்குக் குடிநீர் தர அமைக்கப்பட்டது. மழையை எதிர்பாராத இந்த நீர் வறட்சியில் பெருந்துணை. ஆனால் இம்முறையில் ஆயிரம் லிட்டருக்கு மூன்று முதல் நான்கு யூனிட் மின்சாரம் செலவாகிறது. உள்ளே எடுக்கும் கடல்நீரில் பாதிக்கும் மேல், உப்பு செறிந்த கழிவாக மீண்டும் கடலுக்கே போகிறது.

இவை எல்லாவற்றையும்விட நீர்த்தாங்கிக்கு நேரடியாக உதவும் ஏற்பாடு கொடுங்கையூரில் இருக்கிறது. நகரத்தின் சாக்கடைநீரைச் சுத்திகரித்து ஆலைக்குப் பயன்படுத்துவதை மணலியின் உர ஆலை 1990-களிலேயே செய்துகாட்டியது. 2019-இல் கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்து, மணலி, எண்ணூர் ஆலைகளுக்குக் குழாயில் அனுப்பும் நிலையம் செயல்படத் தொடங்கியது. சாக்கடைநீரில் உள்ள உப்பு கடல்நீரில் உள்ளதில் மிகச் சிறு பங்கே என்பதால், அதை வடிக்கக் குறைந்த அழுத்தமும் குறைந்த மின்சாரமும் போதும். மழை பொய்த்தாலும் நகரம் இருக்கும்வரை சாக்கடை வற்றுவதில்லை. கொதிகலனுக்கு மீஞ்சூரின் நன்னீர் வேண்டியதில்லை என்று ஆனபின், அந்த நீரை நிலத்திலேயே விட்டுவைப்பதற்குத் தடையாக நிற்பது பழக்கம் ஒன்றுதான்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆரஞ்சு கவுண்டி என்னும் மாவட்டம் இதற்கு ஒரு படி மேலே சென்றது. அங்கேயும் அளவுமீறி இறைத்ததால் கடல் உள்ளே வந்தது. 1970-களில், சுத்திகரித்த கழிவுநீரைக் கடற்கரைக்கு இணையாக வரிசையாக அமைத்த கிணறுகளின் வழியே மண்ணுக்குள் செலுத்தி, கடலைத் தடுக்கும் நீர்ச்சுவர் ஒன்றை நிலத்தடியில் எழுப்பினார்கள். இறைப்பதற்குப் பதிலாக ஊற்றும் கிணறுகளான அவை அங்கு நிலத்தடி நீர்மட்டத்தைக் கடல்மட்டத்துக்கு மேலே தூக்கி நிறுத்துகின்றன. மீஞ்சூருக்கும் கரைக்கும் இடையே அத்தகைய வரிசை ஒன்றை அமைக்கப் பெருஞ்செலவு ஆகும். அது அமையும்வரைக்கும், வட்டாரத்தின் கண்காணிப்புக் கிணறுகளில் ஒவ்வொரு மாதமும் அளக்கும் நீர்மட்டத்தைக் கடல்மட்டத்தோடு ஒப்பிட்டு, ஏரிகளின் மட்டத்தை வெளியிடும் அதே பட்டியலில் அச்சிடுவதற்கும், எந்த மட்டத்துக்குக் கீழே போனால் எந்தக் கிணற்றுத் தொகுதியில் மோட்டாரை நிறுத்துவது என்பதைப் பருவமழை முடியும் ஜனவரியிலேயே, கோடையின் நெருக்கடி வருவதற்கு முன், எழுதி வைத்துக்கொள்வதற்கும் புதிய அணை எதுவும் கட்ட வேண்டியதில்லை.